வைல்டபீஸ்ட் மந்தை பெருகியது புல்லாலா, நடையாலா?

கானகன்:
தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியைப் பற்றிப் பேச்சு வந்தால் "புல் நிறைய இருக்கிறது, அதனால் மந்தையும் பெரியது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை. மாடு போன்ற உடல்வாகு கொண்ட பெரிய மான்களான வைல்டபீஸ்ட்கள் சுமார் 13 லட்சம் அங்கே ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் தெற்கே குறும்புல் சமவெளி, வறட்சியில் வடக்கே மாரா ஆற்றங்கரை. அதே நிலத்தில் ஊர் மாறாமல் மேயும் டோபி மான்களோ இம்பாலாக்களோ அந்த எண்ணிக்கையை நெருங்கவே இல்லை.

1988இல் சூழலியல் ஆய்வாளர்கள் ஃபிரைக்செல், கிரீவர், சின்க்ளேர் மூவரும் இதையே கேட்டார்கள்: வலசை போகும் குளம்பு விலங்குகள் மட்டும் ஏன் இவ்வளவு மிகுதி? அவர்கள் கண்ட விடையில் வலுவானது, வேட்டை விலங்கால் மந்தையைப் பின்தொடர முடியாது என்பது. சிங்கத்தின் குட்டி புதரில் கிடக்கிறது, கழுதைப்புலியின் குட்டி வளையில் கிடக்கிறது. தாயால் அதைத் தூக்கிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போக முடியாது.

ஒரு பிப்ரவரியில் தெற்குச் சமவெளியில் நின்று பார்த்தேன். ஈரம் காயாத ஒரு கன்று முன்கால் மடங்கி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் தாயின் விலாவை ஒட்டி நடந்துகொண்டிருந்தது. நடக்கப் பிறந்த உடல் அது.

எறும்புத்தின்னி:
கானகன், நீங்கள் பார்த்த கன்றை நானும் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. 1999இல் எம்டூமாவும் உடன் ஆய்வாளர்களும் நாற்பது ஆண்டுக் கணக்கை வைத்துச் சொன்னது என்ன? செத்த வைல்டபீஸ்ட்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பட்டினியால் மெலிந்து செத்தவை. சிங்கம் கொன்றது மிச்சத்தில்தான்.

இன்னொன்று. 1961இல் அந்த மந்தை சுமார் இரண்டரை லட்சம். 1977இல் 13 லட்சத்தைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் வைல்டபீஸ்ட் புதிதாக நடக்கக் கற்றுக்கொண்டதா? நடை முன்பும் இருந்தது. மாறியது வெக்கை நோய், மாடுகளையும் அவற்றின் காட்டு உறவுகளையும் கொல்லும் தொற்று. சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், 1960களின் தொடக்கத்தில் காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் விலகியது, கன்றுகள் பிழைத்தன. பிறகு மழையும் புல்லும் எல்லை வகுத்தன.

கானகன்:
நீங்கள் சொல்லும் பட்டினிக் கணக்குதான் என் வாதம், நண்பரே. பட்டினி கிடந்து சாகும் அளவுக்கு ஒரு மந்தை பெருக வேண்டுமென்றால், அதற்கு முன்பே அதைத் தின்று குறைக்க யாராலும் முடியவில்லை என்றுதானே பொருள்?

பக்கத்திலேயே ங்கோரோங்கோரோ எரிமலைக் குழியைப் பாருங்கள். சுமார் 260 சதுர கிலோமீட்டர். அங்குள்ள வைல்டபீஸ்ட்களில் பெரும்பகுதி வெளியே போவதில்லை. 1960களில் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் அங்கே தங்கிக் கழுதைப்புலிகளை எண்ணினார். திறந்த செரெங்கெட்டியைவிட மிக நெருக்கமாக வாழ்ந்தன, மந்தையில் பெரிய பங்கையும் தின்றன. அதே விலங்கு, அதே வேட்டைக்காரன். இரை நகராத இடத்தில் தராசு வேறு பக்கம் சாய்கிறது.

தேனருவி:
இருவரும் வேட்டை விலங்கை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டு வாதிடுகிறீர்கள். ஹோஃபரும் ஈஸ்டும் செரெங்கெட்டியில் கழுதைப்புலிகளைத் தொடர்ந்தபோது கண்டது வேறு. மந்தை விலகியதும் தாய் வளையை விட்டுக் கிளம்புகிறாள். சராசரியாக நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தின்றுவிட்டு, பால் சுரந்த மடியோடு திரும்புகிறாள். இதற்குச் சில நாள்கள் ஆகின்றன. அதுவரை குட்டிகள் வளைவாயில் காத்துக் கிடக்கின்றன. ஓராண்டுக்கும் மேல் இப்படியே பால் கொடுத்து வளர்க்கிறாள். பின்தொடர முடியாது என்று எழுதிவிட்டால் அவள் நடந்த தூரம் கணக்கிலேயே வராது.

நான் பூச்சியியல் படித்தவள், அதனால் என் மனம் சிறிய உயிரிகளிடம் போகிறது. 1958இல் கலிஃபோர்னியாவில் ஹஃபேக்கர் ஆரஞ்சுப் பழங்களை வரிசையாக அடுக்கிச் சிலந்திப்பேன்களையும், அவற்றைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களையும் விட்டார். பழங்கள் எளிதாகச் சென்றடையும்படி இருந்தபோது இரைவிழுங்கி எல்லாவற்றையும் தின்றது, பிறகு தானும் பட்டினியால் அழிந்தது. அடுத்து 252 பழங்களை வைத்து, இடையே வாஸலீன் தடவித் தடை போட்டார். சிறு மரக்குச்சிகளையும் நட்டார். சிலந்திப்பேன் குச்சியின் உச்சிக்கு ஏறி, நூல் விட்டுக் காற்றில் மிதந்து புதுப் பழத்தில் இறங்கியது. இரைவிழுங்கியோ ஊர்ந்துதான் வரவேண்டும். இம்முறை இரண்டும் மூன்று முறை பெருகி இறங்கி, பல மாதங்கள் சேர்ந்தே வாழ்ந்தன.

தீர்மானித்தது பழத்தின் அளவல்ல. யார் முந்தி நகர்கிறார், யார் பிந்துகிறார் என்பதுதான்.

எறும்புத்தின்னி:
தேனருவி, கழுதைப்புலித் தாயைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆரஞ்சுப் பழ மேசையைச் செரெங்கெட்டி மீது அப்படியே வைக்கத்தான் தயங்குகிறேன். அங்கே உடல் எடையும் பேசுகிறது. 2003இல் சின்க்ளேர் குழு காட்டியபடி, ஏறத்தாழ 150 கிலோவுக்குக் கீழான தாவர உண்ணிகளைத்தான் வேட்டை அடக்குகிறது, அதற்கு மேல் உணவு. யானை எங்கும் ஓடித் தப்பவில்லை, பெருத்த உடலால் தப்புகிறது.

போட்ஸ்வானாவின் கூக்கே வேலியையும் நினைத்துப் பாருங்கள். 1950களின் இறுதியில் கோமாரி நோய் பரவாமல் இருக்க எழுப்பியது. 1980களின் வறட்சியில் கலஹாரி வைல்டபீஸ்ட்கள் தண்ணீரைத் தேடி வந்து வேலிகளில் முட்டி நின்று பல்லாயிரக்கணக்கில் மாண்டன. அவற்றைச் சிங்கம் கொல்லவில்லை.

கானகன்:
சிங்கம் கொல்லவில்லை, ஆமாம். நடை நின்றதுதான் கொன்றது. நடையும் புல்லும் இரண்டு காரணங்கள் என்று நானே தலைப்பில் பிரித்தது தவறு. மழை விழுந்த இடத்திற்குப் போகும் கால்தான் அந்தப் புல்லை உணவாக்குகிறது. எடைக் கணக்கில் மட்டும் விடமாட்டேன்: வைல்டபீஸ்ட் அந்த 150 கிலோ எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது. எரிமலைக் குழியில் அதே எடை அதைக் காப்பாற்றவில்லை.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2010இல் தான்சானியா அரசு வடசெரெங்கெட்டியின் குறுக்கே சாலை போடத் திட்டமிட்டது. 2014இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் தார்ச்சாலை கூடாது என்று தீர்ப்பளித்தது. "புல் அப்படியேதானே இருக்கும்" என்பவருக்குச் சாலையில் தீங்கு தெரியாது.

எறும்புத்தின்னி:
சாலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். எடைக்கு வருகிறேன்: எரிமலைக் குழியில் பெரிய பங்கு தின்னப்பட்டது என்கிறீர்கள். அந்தப் பங்கில் கன்று எத்தனை, வளர்ந்தது எத்தனை? கன்றுகள்தான் மிகுதி என்றால் என் எடைக் கணக்கு நிற்கும்.

தேனருவி:
அதில் வளர்ந்தவற்றிலும் பட்டினியால் எலும்பு மஜ்ஜை வற்றியவை எத்தனை என்று சேர்த்துப் பாருங்கள். பட்டினியில் மெலிந்ததைத்தான் கழுதைப்புலி முதலில் பிடிக்கிறது என்றால், நீங்கள் இருவரும் ஒரே பிணத்தை இரண்டு கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.