20 நாற்று அளந்தால் 20 ரெப்ளிகேஷன் (தனித்தனியாக எண்ணத்தக்க மறுசோதனை) ஆகாதா?

கேள்வி:
இரண்டு உரக் கரைசல்களை ஒப்பிட்டேன். கரைசலுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு 20 நாற்று. மூன்று வாரம் கழித்து உயரம் அளந்து டி-சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போட்டால், பி மதிப்பு 0.05-க்கு வெகு கீழே; அதாவது வித்தியாசம் தற்செயலாகத் தெரியவில்லை. வழிகாட்டியோ, "உன்னிடம் இருப்பது கரைசலுக்கு ஒரு ரெப்ளிகேஷன்தான்" என்கிறார். 40 செடியையும் குனிந்து அளந்தவள் நான். எப்படி ஒன்றாகும்?

பதில் 1:
அவர் சொல்வது சரிங்க. உரத்தைத் தட்டுக்குத்தானே ஒதுக்கினீங்க? அப்போ தட்டுதான் சோதனை அலகு; எண்ண வேண்டியது தட்டுகளை, நாற்றுகளை அல்ல. ஜன்னல் பக்கம் இருந்ததால் வளர்ந்ததா, உரத்தால் வளர்ந்ததா என்று உங்கள் தரவால் பிரிக்கவே முடியாது. இப்படி ஒரே தட்டின் நாற்றுகளைத் தனித்தனி ரெப்ளிகேஷனாக எண்ணுவதைப் போலி ரெப்ளிகேஷன் என்று 1984-ல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் பெயரிட்டு எழுதினார். சூழலியல் ஆய்வுகளில் அவ்வளவு பரவலாக இருந்த தவறு, மனசைத் தளரவிடாதீங்க.

அதே 40 நாற்றை 8 சிறு தட்டுகளில் ஐந்தைந்தாக நடுங்க. நான்கு அடுக்கு (ஒரே மாதிரி வெளிச்சம் உள்ள இடம்), அடுக்குக்கு இரண்டு தட்டு, உரத்துக்கு ஒன்று. எதற்கு எந்த உரம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்க. அடுக்குக்கு அடுக்கு மாறும் வெளிச்சம் தனியே கழிந்துவிடும். தட்டின் சராசரியை வைத்து இணை டி-சோதனை (ஒரே அடுக்கின் இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது) போடுங்க. தற்செயல் வேறுபாட்டை (பிழை) கணிக்க 3 சுதந்திரப் படிகள்தான் (சுயேச்சையான தகவல்கள்; 4 அடுக்கில் ஒன்று குறைவு) மிஞ்சும்; அது குறைவுதான். இடமிருந்தால் அடுக்கைக் கூட்டுங்க.

பதில் 2:
அளப்பதிலும் கவனம் வேணும். என் சோதனையில் ஒரு பிரிவை நானும் மற்றதை நண்பரும் அளந்தோம். அவர் இலை நுனிவரை, நான் குருத்துவரை! இரண்டு மாத உழைப்பு வீண். இன்னும் வலிக்கிறது.

கேட்டவர்:
என் தட்டுகளில் ஒன்று ஜன்னலோரம்தான் இருந்தது. நாளைக்கே புதிதாக விதைக்கிறேன்.