புதுப்பிப்பு: ஃபோலிக் அமிலம் சரி, பி12 என்ன ஆயிற்று?

கருவுற்றிருக்கும் என் தங்கை சுத்த சைவம். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பார்த்தோம், குறைவாகத்தான் இருந்தது. “பி12 உள்ள பால், தயிர் சாப்பிடுவாயா?” என்றார் மருத்துவர். தயிர்ச் சோற்றைக் கண்டாலே எழுந்து ஓடுகிறவள் என்ன சொல்வாள்! பி12 தனியாக எழுதிக் கொடுத்தார். ஃபோலிக் அமிலத்தை நிறுத்தக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார்.

புனே ஆய்வு ஒன்றைக் காட்டி, ஃபோலிக் அமிலத்தை நிறுத்தச் சொல்லி இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது ஆபத்தான யோசனை. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த சுமார் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது; அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. கர்ப்பம் என்றே பலருக்குத் தெரியாத காலம் அது. அதனால்தான் கருத்தரிப்பதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

அப்படி எழுதியவர் காட்டிய புனே ஆய்வு 2008இல் வெளியானது. கர்ப்பத்தில் ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வருவது இதுவே) அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, கூடுதலாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணமாகவில்லை. பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் உடலுக்குப் பயன்படாத வடிவத்தில் சிக்கிக்கொள்கிறது என்பது மட்டும் உறுதி. ஆகவே குறைக்க வேண்டியது ஃபோலேட்டை அல்ல, சேர்க்க வேண்டியது பி12ஐ.

முருங்கைக்கீரை போதாதா என்ற பாட்டிமார் கட்சிக்கு: கீரையில் ஃபோலேட் உண்டு, வேகவைத்த நீரைக் கொட்டினால் பாதி போகும், பி12 எந்தக் கீரையிலும் கிடையாது.

அண்மைய ஸ்கேனில் சிசுவின் எடை வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறது. அதை பி12 கணக்கில் எழுத நான் தயாரில்லை.