கண்முன்னே இருக்கும் கோப்பு, தேடினால் கிடைக்கவில்லை

லினக்ஸ் டெர்மினலில் கோப்பு தேடித் திண்டாடிய அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது தமிழில் பெயர் வைத்த கோப்புகளைப் பற்றியது.

தெரிந்தவர் ஒருவர் கோயில் படங்களைப் பல வருடமாகப் பழைய மேக்கில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) சர்வருக்கு மாற்றினோம். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் கோபுரம், கொடிமரம், மண்டபம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஃபைண்ட் கட்டளையில் மண்டபம் என்று தேடினால் உடனே கிடைக்கிறது. கோபுரம் என்று தேடினால் ஒன்றுமே இல்லை. லொகேல் (மொழி அமைப்பு), அனுமதிகள் என்று எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருந்தன. எல்எஸ் காட்டிய பெயரை அப்படியே நகலெடுத்து ஒட்டித் தேடினோம், வந்துவிட்டது! கையால் தட்டினால் கிடைக்காத அதே பெயர். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது.

பெயரை, பைட்டுகளைக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கருவியில் போட்டுப் பார்த்ததும் விளங்கியது. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். அதை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். நான் தட்டும் விசைப்பலகையோ சேர்த்துத் தருகிறது. லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அதனால் இரண்டும் வேறு வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது வரும்.

கான்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி விருப்பம் கொடுத்தால் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். முதலில் ஒத்திகை மட்டும்தான் பார்க்கும், நோடெஸ்ட் விருப்பமும் சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். அவசரமென்றால் அந்த எழுத்தை விட்டுவிட்டு, நட்சத்திரக் குறி போட்டுப் 'புரம்' என்று தேடுங்கள்.

இதற்காகத் தமிழில் பெயரே வைக்காதே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சரிசெய்ய ஒரு கட்டளை போதும்.

* * *

அண்ணா, இது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி வருவது மேற்கோள் குறிச் சிக்கல். லாக் எனும் பதிவுக் கோப்புகளைத் தேட, நட்சத்திரம், புள்ளி, லாக் என்று மேற்கோள் இல்லாமல் ஃபைண்டுக்குக் கொடுப்பார்கள். ஃபைண்டுக்குப் போவதற்கு முன்பே, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் அதைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். நிற்கும் கோப்புறையில் இரண்டு மூன்று லாக் இருந்தால் பிழைச் செய்தி வரும், தப்பித்தோம். ஒன்றே ஒன்று இருந்தால் அந்தப் பெயரை மட்டும் தேடிவிட்டுச் சத்தமில்லாமல் முடித்துவிடும், உள்ளே இருக்கும் மற்ற லாக் எதுவும் வராது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

* * *

லொகேட் என்ற தேடல் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அது பார்ப்பது வட்டை அல்ல, முன்பே எடுத்து வைத்த பட்டியலை. இப்போது இறக்கிய கோப்பு வேண்டுமென்றால் சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு, பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்டிபி ஓட்டுங்கள். உபுண்டுவில் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறை இயல்பாகவே அந்தப் பட்டியலில் சேராது.

அப்புறம் அந்த மேக் விஷயம்: மாற்றும்போதே ஆர்சிங்கில், பெயர்களின் எழுத்து வடிவை மாற்றும் ஐகான்வ் விருப்பம் கொடுத்தால் பெயர்கள் சேர்ந்தே வந்து இறங்கும். பழைய மேக்கோடு வந்த 2.6.9 பதிப்பில் அது கிடையாது, 3.0 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.