புதுப் பெட்டி, பழைய கம்பி: எங்கள் குடும்பக் குழுவில் நேற்று

சுந்தரம் பெரியப்பா: இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரி தீரும் நிலைக்கு வந்துவிட்டதால் அடுத்த வாரம் பெட்டியை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். இதயத்துக்குள் இருக்கும் கம்பியை அப்படியே விட்டுவிடுவார்களாம்.

ராணி அத்தை: புதுப் பெட்டிக்குப் பத்து வருடப் பழைய கம்பியா, அண்ணா? நம் வீட்டு மிக்ஸியில்கூட மோட்டாருக்கு முன்னால் வயர்தானே போகிறது!

மலர் அக்கா: நீங்கள் கேட்பது நியாயம்தான், அத்தை. நான் வேலை பார்க்கும் கேத் லேபில் (இதயச் சிகிச்சைக் கூடத்தில்) நாங்களும் பெட்டியைவிடக் கம்பியை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுவோம். பெட்டி தோலுக்கடியில் சும்மா இருக்கிறது. கம்பியோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயத்தோடு சேர்ந்து அசைகிறது. ஆனாலும் காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நசுங்கி முறிவதைத்தான் நாங்கள் முக்கியமாகக் கவனிப்போம்.

செந்தில்: அப்படியானால் அதையும் சேர்த்தே மாற்றிவிடலாமே, அக்கா?

மலர் அக்கா: எடுப்பதில்தான் ஆபத்து, தம்பி. ஆண்டுகள் போகப் போகக் கம்பியைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, இரத்தக்குழாயோடும் இதயத் தசையோடும் அது ஒட்டிக்கொள்வதால், இழுக்கும்போது அவை கிழியக்கூடும். 2007-இல் மெட்ரானிக் நிறுவனத்தின் 'ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ்' என்னும் டீஃபிப்ரிலேட்டர் (மின் அதிர்ச்சியால் இதயத்துடிப்பைச் சரிசெய்யும் கருவி) கம்பிகள் முறிவது தெரிந்து விற்பனை நிறுத்தப்பட்டபோதுகூட, நன்றாக இயங்கியவற்றை முன்னெச்சரிக்கையாக எடுக்கச் சொல்லவில்லை; கண்காணிக்கத்தான் சொன்னார்கள்.

சுந்தரம் பெரியப்பா: என் கம்பியின் நிலையை எப்படி அறிவது, அம்மா?

மலர் அக்கா: பரிசோதனைச் சீட்டில் 'இம்பீடன்ஸ்', அதாவது கம்பியில் மின்சாரத்துக்கு உள்ள தடை, என்ற வரியைப் பாருங்கள், பெரியப்பா.

சுந்தரம் பெரியப்பா: கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். 520 ஓம் என்றிருக்கிறது. சென்ற ஆண்டு 540.

மலர் அக்கா: நல்ல அளவு. உள்கம்பி முறிந்தால் அந்த எண் திடீரென்று ஆயிரங்களுக்கு ஏறும். மேலே உள்ள சிலிக்கோன் உறை கிழிந்தால் சட்டென்று இறங்கும். அதனால் ஒரு சீட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை, பழைய சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். பெட்டியைக் கழற்றியதும் அங்கேயே கம்பியைத் தனியாக அளப்பார்கள். குறை தெரிந்தால், பழையதன் முனையை மூடி உள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுக் கம்பியைச் செலுத்துவதும் உண்டு.

சுந்தரம் பெரியப்பா: 2019-ஆம் ஆண்டுச் சீட்டில் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டதே!

மலர் அக்கா: அந்தத் தாள் அப்படித்தான். மிச்சமிருப்பவற்றை இன்றே படமெடுத்து இங்கே போடுங்கள். கம்பியின் மாதிரி எண் இருக்கும் அட்டையையும் சேர்த்துப் போடுங்கள்.