ஃபேர்பேங்க்ஸ் குளிர்கால முன்னோட்டத்தில் ‘சராசரியைவிட வெப்பம்’ என்று இருக்கிறது. பிளாக் ஹீட்டர் வேண்டுமா?

குளிர்காய்பவன்:
வணக்கம். ஜனவரி முதல் வாரம் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்கு வேலை மாற்றலாகிப் போகிறோம். நான், மனைவி, ஆளுக்கொரு பழைய கார், எண்ணெய் ஹீட்டர் உள்ள வாடகை வீடு. அமெரிக்கக் காலநிலை முன்கணிப்பு மையத்தின் மூன்று மாத வரைபடத்தில் அந்தப் பக்கம் ஆரஞ்சு நிறம், அதாவது சராசரியைவிட வெப்பம். ஆனால் அங்கே இருப்பவர்கள் மைனஸ் 40-க்குத் தயாராக வா என்கிறார்கள். எதை நம்புவது? பிளாக் ஹீட்டர் (கார் நிற்கும்போது கரன்ட்டில் இன்ஜினைச் சூடாக வைக்கும் கருவி) செலவைத் தள்ளிப்போடலாமா? புயல் எச்சரிக்கைகளில் வாட்ச், வார்னிங், அட்வைசரி என்று வருவதும் குழப்பமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தனனாக்கரை:
இரண்டையும் நம்பலாம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

அந்த வரைபடத்தில் மூன்று வாய்ப்புகள்: சராசரிக்கு மேல், ஒட்டி, கீழ். எந்தச் சாய்வும் இல்லையென்றால் ஆளுக்கு 33 சதவீதம். ஆரஞ்சில் 40 என்று போட்டிருந்தால் மேலே போக 40, ஒட்டி இருக்க 33, கீழே போக 27. அவ்வளவுதான் சாய்வு. அதுவும் மூன்று மாதச் சராசரிக்கு. ஃபேர்பேங்க்ஸில் ஜனவரியின் இயல்புச் சராசரி சுமார் மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். 24 நாள் மைனஸ் 16-இலும் 7 நாள் மைனஸ் 40-இலும் கழிந்தால் மாதச் சராசரி மைனஸ் 21.4. ‘சராசரியைவிட வெப்பமான மாதம்’ என்று பதிவாகும். அந்த ஏழு நாளில் உங்கள் கார் கிளம்பியிருக்காது.

உள்நாட்டு அலாஸ்காவின் கடுங்குளிர் பெரும்பாலும் அங்கேயே தயாராவது. வானம் தெளிவு, காற்று இல்லை, தரையெல்லாம் பனி, வெயில் பேருக்குத்தான். தரையின் வெப்பம் ராத்திரி பகலாக வான்வெளிக்குப் போய்க்கொண்டே இருக்கும், கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கும், வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும். ஆகவே தாழ்வான கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்குக்கும் எஸ்டர் டோம் மேட்டுக்கும் ஒரே நேரத்தில் 10–15 டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். வாடகை வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று முதலில் கேளுங்கள். மேகம்தான் அங்கே கம்பளி. அது வந்தால் சில மணி நேரத்தில் 15 டிகிரி ஏறிவிடும்.

போன் ஆப்கள் சறுக்குவது இங்கேதான். கணினி மாதிரிகளுக்கு இந்த மெல்லிய குளிர் அடுக்கு சரியாகப் பிடிபடாது. பள்ளத்தாக்கை உள்ளதைவிட வெப்பமாகக் காட்டும். தேசிய வானிலை சேவையின் ஃபேர்பேங்க்ஸ் அலுவலகம் வெளியிடும் ‘ஏரியா ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ படியுங்கள். மாதிரி என்ன சொல்கிறது, அதை ஏன் திருத்தினார்கள் என்று முன்கணிப்பாளரே எழுதியிருப்பார். வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது என்று அதில் வந்தால் ஆப் காட்டும் எண்ணிலிருந்து கீழ்நோக்கியே கணக்குப் போடுங்கள்.

எச்சரிக்கைகள்: வாட்ச் என்றால் வரக்கூடும், ஏற்பாட்டைத் தொடங்கு. வார்னிங் என்றால் வந்துவிட்டது அல்லது வருவது ஏறக்குறைய உறுதி. அட்வைசரி என்றால் வரும், ஆனால் தீவிரம் ஒரு படி குறைவு. 2024 அக்டோபரிலிருந்து ‘விண்ட் சில் வார்னிங்’ (காற்றால் உடம்புக்குக் கூடும் குளிருக்கான எச்சரிக்கை) என்ற பெயரை எடுத்துவிட்டு ‘எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்’ என்று போடுகிறார்கள். ஃபேர்பேங்க்ஸுக்கு இது பொருத்தம்; அங்கே கடுங்குளிரில் காற்றே இருக்காது. காற்று எழுந்தால் அந்த அடுக்கு கலைந்து வெப்பம்தான் ஏறும். டெல்டா ஜங்ஷன், வடகரையில் உட்கியாக்விக் போன்ற இடங்களில் கதை தலைகீழ்: மைனஸ் 40 ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 10 மைல் காற்று சேர்ந்தால் உடம்புக்கு மைனஸ் 66. (மைனஸ் 40 இரண்டு அளவிலும் ஒன்றுதான். மற்றபடி அங்கே எல்லாமே ஃபாரன்ஹீட், பழகிக்கொள்ளுங்கள்.)

பிளிஸார்ட் வார்னிங்குக்குப் புதுப்பனி விழ வேண்டும் என்றில்லை. மணிக்கு 35 மைல் வேகத்துக்கு மேல் காற்று, கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தூரம், மூன்று மணி நேரம் நீடிப்பு: இதுதான் கணக்கு. வடகரையில் கிடந்த பனியே எழும்பி இதைச் செய்துவிடும்.

குளிர் முன்னறிவிப்பைவிட நான் பயப்படச் சொல்வது மழை முன்னறிவிப்புக்கு. 2021 டிசம்பர் கடைசி வாரம் தெற்கிலிருந்து வந்த ஈரக்காற்றில் ஃபேர்பேங்க்ஸில் மழையே பெய்தது. உறைந்த தரையில் விழுந்தது அப்படியே பனிக்கட்டியாகிவிட்டது; பிறகு குளிர் திரும்பியதும் சாலையிலிருந்து அதைப் பெயர்க்க முடியவில்லை. அந்தக் குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது. ஆங்கரேஜ் போகும் பார்க்ஸ் நெடுஞ்சாலையில் கிளம்புமுன் மாநிலத்தின் 511 சாலை நிலவரத்தைப் பாருங்கள்.

ஸ்பேனர்:
பிளாக் ஹீட்டர் தள்ளிப்போடற விஷயமே இல்லை. அதோட நிறுத்தவும் கூடாது. ஃபேர்பேங்க்ஸ்ல ஒரு காருக்கு மூணு ஐட்டம்: பிளாக் ஹீட்டர் (பெரும்பாலான கார்ல 400–600 வாட்), ஆயில் பான்ல (இன்ஜின் அடியில ஆயில் தேங்கற தட்டு) ஒட்டற சூடாக்கும் பேட் (சுமார் 150), பேட்டரிக்கு அடியில வைக்கற பேட் (60–80). மூணையும் ஒரே வயரா முன் கிரில் வழியா வெளிய எடுத்துடுவாங்க. ஆயில் பான் பேட் ஒட்டறதுக்கு முன்னாடி பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சுரண்டி, வெறும் உலோகத்துல ஒட்டணும். இல்லன்னா ஒரு ஓரம் பிரிஞ்சு, அந்த இடம் மட்டும் சூடாகிப் பேட் கருகும்.

கூலன்ட் (ரேடியேட்டர்ல ஓடற ஆன்டிஃப்ரீஸ், தண்ணி கலவை): பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 செல்சியஸ்லயே உறைய ஆரம்பிக்கும். 60 பங்கு ஆன்டிஃப்ரீஸ், 40 தண்ணி வச்சா மைனஸ் 52 வரை தாங்கும். ‘இன்னும் நல்லது’ன்னு 70-ஐத் தாண்டாதீங்க, உறைநிலை திரும்ப மேல ஏறும்.

இன்ஜின் ஆயில்: டப்பாவுல 0டபிள்யூ-ன்னு தொடங்கற கிரேடு மட்டும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 40-ல பம்ப் ஆகுதான்னு சோதிக்கறாங்க, 5டபிள்யூவை மைனஸ் 35-லதான். அந்த அஞ்சு டிகிரிதான் உங்க பிரச்சினை.

பேட்டரி: முழு சார்ஜ்ல இருந்தா மைனஸ் 50-லயும் உறையாது. இறங்கின பேட்டரி மைனஸ் 10 வாக்குலயே உறைஞ்சு, பக்கம் புடைச்சுக்கும். புடைச்ச பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீங்க, வெடிக்கும். உள்ள கொண்டுபோய் உருக விட்டு, விரிசல் இருந்தா தூக்கிப் போடுங்க.

கிளம்பும்போது: மைனஸ் 30-ன்னா டைமர்ல மூணு நாலு மணி நேரம் முன்னாடி கரன்ட் ஓடணும். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு, முதல் ரெண்டு கிலோமீட்டர் மெதுவா. இன்ஜின்தான் சூடு, கியர்பாக்ஸ், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் கல்லு. டயர் தரையில பட்ட பக்கம் தட்டையாவே இருக்கும், தடதடன்னு வரும், கொஞ்ச தூரத்துல சரியாயிடும். ஸ்டியரிங்கை ஒரேயடியா கடைசி வரை ஒடிக்காதீங்க, பவர் ஸ்டியரிங் சீல் பிச்சுக்கும். காத்து அளவு ஒவ்வொரு 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறக்கத்துக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும்.

பனிக்கட்டி ரொம்ப வழுக்கறது பூஜ்யத்தை ஒட்டித்தான், மைனஸ் 40-ல பிடிப்பு கொஞ்சம் தேவலாம். ஆனா சிக்னல்ல நிக்கற வண்டிங்க புகை ஈரம் சாலையில கண்ணாடி மாதிரி படிஞ்சிருக்கும், ஐஸ் ஃபாக் (பனித்துகள் மூடுபனி) வேற கண்ணை மறைக்கும். ஆணி டயர் போட்டுக்கோங்க. 60 டிகிரி அட்சரேகைக்கு வடக்க (ஃபேர்பேங்க்ஸும் அதுலதான்) மே 1-லேர்ந்து செப்டம்பர் 15 வரைதான் தடை.

எண்ணெய்க்கலன்:
வீட்டுப் பக்கம் யாரும் சொல்லவில்லை, சேர்க்கிறேன்.

வெளியே நிற்கும் டேங்கில் நம்பர் 1 எண்ணெய்தான் (குளிரில் கட்டியாகாத இலகுவான வகை) இருக்க வேண்டும். நம்பர் 2 மைனஸ் 10 செல்சியஸை ஒட்டியே மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். ஃபேர்பேங்க்ஸ் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் 2022 செப்டம்பரிலிருந்து நம்பர் 1 என்பது விதியும்கூட. டேங்க் அடியில் தேங்கும் தண்ணீர்தான் அடுத்த எதிரி: குழாயின் தாழ்ந்த வளைவில் உறைந்து எண்ணெயை நிறுத்திவிடும். கடைசியாக ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள், தண்ணீர் எப்போது வடித்தீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

கரன்ட் போனால் எண்ணெய் ஹீட்டரும் நின்றுவிடும். விறகடுப்பு இருந்தாலும் அன்றாடம் அதையே நம்பி இருந்துவிடாதீர்கள். காற்று தேங்கும் அதே கடுங்குளிர் நாட்களில்தான் புகையும் தேங்கும். மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று விறகெரிப்புக் கட்டுப்பாடு போடும். புரொபேன் சிலிண்டரை வெளியே வைத்து நம்பவும் முடியாது: புரொபேனின் கொதிநிலை மைனஸ் 42, மைனஸ் 40-இல் சிலிண்டரில் அழுத்தமே இராது.

சிங்கில் ‘குளக் குளக்’ சத்தமும் சாக்கடை வாடையும் வந்தால் கூரை மேலுள்ள வென்ட் குழாயைப் பாருங்கள். உள்ளிருந்து போகும் ஈரம் குழாய் வாயில் உறைபனியாக ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து, கடைசியில் விரல் நுழையும் ஓட்டைதான் மிஞ்சும். அதுவும் மூடினால் வாடை வீட்டுக்குள். ஹீட்டரின் காற்று உறிஞ்சும் குழாயையும் இதேபோல் தினம் ஒருமுறை பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் முதல் இரவுகூடத் தூங்க வேண்டாம்.

குளிர்காய்பவன்:
எல்லோருக்கும் நன்றி. ரெண்டு காருக்கும் ஹீட்டர் போட்டுவிடுகிறேன். வெளிச் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கிறதாம். இரண்டையும் அதிலேயே சொருகலாமா?

ஸ்பேனர்:
ஒரு காருக்கு 600 + 150 + 70 = 820 வாட். ரெண்டுக்கு 1640. அங்க 120 வோல்ட், 15 ஆம்ப் சர்க்யூட்னா மொத்தம் 1800. ஆனா மணிக்கணக்கா ஓடற லோடுக்கு 80 சதவீதம்தான், அதாவது 1440. பிரேக்கர் விழலாம், அதுவும் விடியற்காலை மூணு மணிக்கு விழலாம். 20 ஆம்ப் சர்க்யூட்டா இருந்தா 1920 வரை போகலாம், பிரேக்கர்ல எண்ணைப் பாருங்க. 15-தான்னா டைமரைப் பிரிச்சு வைங்க: முதல்ல கிளம்பற காருக்கு ராத்திரி 1-லேர்ந்து 4:30, அடுத்ததுக்கு 4:30-லேர்ந்து 8. எக்ஸ்டென்ஷன் வயர் 12 கேஜ், குளிர் தாங்கற ரப்பர் உறை. சாதா பிவிசி மைனஸ் 40-ல மடக்கினா ஒடிஞ்சுடும்.