மாலை கழற்றிய பிறகு: சூதாட்டத்திலிருந்து மீள நம்பிக்கை உதவியதா?

தலவாக்கலையிலிருந்து:

சூதாடிய காலத்தில்தான் என் தம்பி அதிகமாகச் சாமி கும்பிட்டான். கடவுளை நம்பினால் சூது விட்டுப்போகும் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வது வழக்கம்.

நுவரெலியாவில் ஒரு மரக்கறிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஏப்ரல் மாதக் கொண்டாட்டத்தில் அங்கே நடக்கும் குதிரைப் பந்தயத்தை வேடிக்கை பார்க்கப் போனவன், பிறகு பந்தயக் கடைக்குப் போகத் தொடங்கினான். அங்கே தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் குதிரைகள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. அந்த நாட்டில் பிற்பகல் என்றால் நமக்கு இருட்டும் நேரம். கடை பூட்டியதும் நேராக அங்கே போவான். பணம் கட்டிய துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதும் குதிரைக்காகத்தான். லொத்தர் சீட்டும் வாங்குவான். 'லக்ன வாசனா' சீட்டில் இராசியே அச்சிட்டிருப்பதால் சோதிடமும் சூதும் அவனுக்கு ஒரே தாளில் கிடைத்தன. வென்றால் சாமி கொடுத்தது, தோற்றால் சாமி சோதிக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அடுத்த பந்தயத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

2022இல் நாடே நெருக்கடியில் கிடந்தபோது அவன் மனைவி 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணம் அந்த ஆண்டில்தான் கரைந்தது. விஷயம் தெரிந்த அன்றே மாமா அவனை மாரியம்மன் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய், எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்.

அடுத்த சம்பளம் வரும்வரைதான் அந்தச் சத்தியம் நின்றது. மீறிய பயத்தில் அதற்குப் பிறகு கோவில் பக்கமே வரமாட்டான். மகளுக்குக் காய்ச்சல் வந்தால், "அம்மன் கேட்கிறாள்" என்று லயத்தில் பேசினார்கள். அவனும் அதை நம்பினான். நெஞ்சில் அவ்வளவு பாரம் இருந்தும் அவன் திருந்தவில்லை. அந்தப் பாரத்தை மறக்க அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தப் பந்தயக் கடைதான். ஆகவே தயவுசெய்து யாரிடமும் சத்தியம் வாங்காதீர்கள். பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் கேட்கவே கேட்காதீர்கள்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டபோதுதான் ஒரு மாற்றம் தெரிந்தது. கடைக்கு மரக்கறி ஏற்றி வரும் லொறிச் சாரதி ஒருவர், பல முறை மலைக்குப் போன குருசாமி. அவர்தான் அழைத்தார். விடியுமுன் இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், பாய்ப் படுக்கை. மாலையில் பூசை, பஜனை. குதிரைகள் ஓடும் அதே நேரத்தில் அவன் பஜனையில் உட்கார்ந்திருந்தான். கறுப்பு வேட்டியோடு பந்தயக் கடைப் படியில் ஏறினால் தெருவே பார்க்கும். கடன் கொடுத்தவர்கள்கூட அவனைச் 'சாமி' என்று அழைத்தார்கள். ஒரு மனிதனை மரியாதையாக அழைப்பது அவனுக்குள் என்ன செய்யும் என்பதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். குருசாமி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ஐயப்பனிடம் பணம் கேட்காதே சாமி. இன்றைய நாளைக் கேள்."

மகரஜோதி முடிந்து மாலையைக் கழற்றினான். அந்த மாதம் முடியுமுன் மறுபடியும் பந்தயக் கடைக்குப் போய்விட்டான். இதை மறைத்துவிட்டு ஐயப்பன் காப்பாற்றினார் என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் இந்த முறை அவன் ஒளியவில்லை. மறுநாள் காலையில் தானாகவே குருசாமியிடம் போய்ச் சொன்னான். அவர் திட்டவில்லை, பரிகாரமும் சொல்லவில்லை. "இனிமேல் உன் சம்பளத்தை யார் வாங்குவது?" என்று கேட்டார். முதலாளியிடம் பேசி, சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போக ஏற்பாடு செய்தார். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் அவரே கூட்டிக்கொண்டு போனார்.

பண்டாரவளையிலிருந்து:

அக்கா, நான் ஆடியவன். ஐபிஎல் நடக்கும் மாதங்களில் ஃபோனிலேயே ஆடினேன். நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியில் எனக்கு வேறு கருத்து உண்டு.

சூதை விட்டதும், எங்கள் தேவாலயச் சபையில் எல்லார் முன்னும் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சொன்னேன், கைதட்டினார்கள். சீக்கிரமே மறுபடியும் விழுந்தபோது யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சாட்சி சொன்னவன் எந்த முகத்தோடு போய் நிற்பது? அந்தக் கைதட்டலே எனக்குப் பூட்டாகிவிட்டது. விட்டுச் சில மாதங்களே ஆனவரைத் தயவுசெய்து மேடையில் ஏற்றாதீர்கள்.

நான் மீண்டது தனி அறையில். இரவுப் போட்டியின் கடைசி ஓவர்களில் கை தானாகவே ஃபோனைத் தேடும். மனைவி தூங்கியிருப்பாள், போதகரும் தூங்கியிருப்பார். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த ஓவர் முடியும்வரை என்னைப் பிடித்துக்கொள்ளும்" என்பேன். ஓவர் முடியும்போது ஆசையின் வேகமும் தணிந்திருக்கும். பிறகு அடுத்த ஓவருக்கு ஒரு ஜெபம். யாரும் பார்க்காத நேரத்தில் என்னைப் பிடித்தது என் விசுவாசம்தான். அதை மனிதர்களின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

கம்பளையிலிருந்து:

குர்ஆனின் 5:90 வசனம் மதுவையும் சூதையும் சேர்த்தே விலக்குகிறது. என் கணவர் மதுவை ஏறெடுத்தும் பாராதவர். கிரிக்கெட்டில் பணம் கட்டுவதை மட்டும் விளையாட்டு அறிவு என்பார். மார்க்கம் தெரியாமல் அவர் கெட்டுப்போகவில்லை. ரமழான் மாதம் முழுவதும் நிறுத்தினார்; பெருநாள் இரவில் மறுபடியும் தொடங்கினார். உங்கள் தம்பி மாலையைக் கழற்றிய கதையை வாசித்தபோது என் வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கடைசியில் அவரே மௌலவியிடம் போய் உதவி கேட்டார். மௌலவி காசை அவர் கையில் தரவில்லை. வீட்டுச் சாமான் கடன் இருந்த கடைக்கு நேராகக் கொடுத்தார். சூதுக்காக வாங்கிய கடனை உழைத்துத் தவணையாகக் கட்டச் சொன்னார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. முழுவதையும் அடைத்திருந்தால் புதிய கடன் வாங்க வழி திறந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

நுவரெலியாவிலிருந்து:

நான் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேடு சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. இது நோய் என்று சொன்னதும் பக்தி தேவையில்லை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். 1957இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய சூதாடிகளின் சுயஉதவிக் குழு, தம்மைவிடப் பெரிய சக்தியை நம்புவதைத் தன் பன்னிரண்டு படிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பணக் கணக்கை அஞ்சாமல் எழுதிப் பார்ப்பதும் அந்தப் படிகளில் உண்டு.

விரதம் இருப்பவரை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் எல்லாம் போய்விட்டது, வாழ்ந்து என்ன பயன் என்று அவர் பேசத் தொடங்கினால் பூசை நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.

தலவாக்கலையிலிருந்து:

பண்டாரவளைத் தம்பி, நீங்கள் எழுதியதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னான். குருசாமி சொன்ன "இன்றைய நாள்" அவனுக்குச் சில இரவுகளில் மிகவும் நீளமாக இருக்கிறதாம். ஓவர் அளவு சரியாக இருக்கும் என்கிறான். நான் மனிதர்களை அதிகமாக நம்புகிறவள் என்பது உண்மைதான். அவன் தனியாக இருக்கும் நேரத்தைப் பற்றி நீங்கள்தான் சொல்ல முடியும்.

இந்த ஆண்டும் மாலை போடப்போகிறான். கழற்றிய பிறகும் சனிக்கிழமை பஜனை தொடரும் என்று குருசாமி சொல்லியிருக்கிறார். மற்ற நாட்களில் மாலை நேரத்தில் லொறியில் அவரோடு சந்தைக்குப் போவான்.

கம்பளைச் சகோதரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தவணை எழுதும் கொப்பி யார் கையில் இருக்கிறது? உங்களிடமா, அவரிடமா? தன்னிடம் இருக்கட்டும் என்று தம்பி கேட்கிறான், அவன் மனைவி கொடுக்க மறுக்கிறாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.