முழங்கால் டேப்போட ஓட விடலாமா?

பெங்களூர் அல்சூர்ல இருக்கோம். பொண்ணுக்கு 13 வயசு, 200 மீட்டர் ஓடுறா. ரெண்டு மாசமா வலது முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு துருத்துற இடத்துல வலி. படி இறங்கினா, குந்தினா அதிகம். ஒரே வருஷத்துல 7 செ.மீ. வளர்ந்திருக்கா.

வளர்ற வயசுல வர்ற ஆஸ்குட் ஷ்லாட்டர்னு டாக்டர் சொன்னார். 3 வாரம் ஓய்வு, ஐஸ், தொடைத் தசைக்கு ஸ்ட்ரெட்ச் எல்லாம் பார்த்தாச்சு. ஓட ஆரம்பிச்சதும் திரும்ப வந்துடுச்சு.

இப்போ கோச் நீலக் கலர் கினீசியோ டேப் (தோல் மேல ஒட்டுற, இழுபடுற துணிப் பட்டை) ஒட்டிவிடுறார். 1970கள்ல ஜப்பான்ல கென்சோ காசே உருவாக்கினது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு அப்புறம் எங்க பார்த்தாலும் இதுதான். ஒட்டினா வலி குறையுதுங்கறா. வேகமும் கூடும்ங்கறார் கோச், அதை நான் நம்பல. ஞாயித்துக்கிழமை கண்டீரவா டிராக்ல நானே ஸ்டாப்வாட்ச் பிடிச்சேன்: டேப் இல்லாம 31.4 விநாடி, டேப்போட 31.3. உரிச்ச இடத்துல தோல் வேற பட்டையா சிவந்து அரிக்குது, ராத்திரியெல்லாம் சொறியறா. வலி தெரியாம ஓடி இன்னும் கெடுத்துக்குவாளோன்னுதான் பயம்.

அடுத்த மாசம் ஸ்கூல் மீட். இதே வலி இருந்த பிள்ளைங்களோட பெற்றோர், பிசியோ யாராவது சொல்லுங்க: டேப் ஒட்டி ஓட விடலாமா, இந்த மீட்டை விட்டுடச் சொல்லணுமா?